பாய்லர் கண்ணாடிக்கு வைத்த சந்தனம்

போன மாதம் குளுவாங்கில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பாய்லர் ஓட்டும் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள். குளிர்சாதன அறை, ஆளுக்கொரு கணினி. திரையில் ஒரு பாய்லர் தெரிகிறது. ஓர் இடத்தில் அழுத்தினால் தண்ணீர் ஏறுகிறது, இன்னோர் இடத்தில் அழுத்தினால் நெருப்பு குறைகிறது. தப்பு செய்தால் 'மீண்டும் முயற்சி செய்க' என்று சிவப்பில் எழுத்து வருகிறது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. எந்த பாய்லரும் யாருக்கும் மறுபடி முயற்சி செய்ய வாய்ப்புக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்தான்.

"அங்கள், அப்பல்லாம் ஆபிசர் முன்னால நின்னு வாயால பதில் சொன்னா போதுமாமே? ரொம்ப ஈசி லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனம் ஆறவில்லை. அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் எழுதுகிறேன்.

பழைய காலம் நல்ல காலம் என்று நான் சொல்லப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். பழைய காலத்தில் பயிற்சி என்று ஒன்றே கிடையாது. சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே ஒரு செம்பனை ஆலையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பாய்லரைப் பார்த்துக்கொண்டவர் பெரியசாமி. அவரிடம் நான் பழகுநர். குழாய்களைத் திறந்து மூடும்போதெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "போய் தே தாரே வாங்கிட்டு வா" என்பார். தேநீரோடு திரும்பி வருவதற்குள் வேலை முடிந்திருக்கும். எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் பொய்யும் இல்லை, அப்படி அனுப்பியும் இருக்கிறார்கள். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே என் பழகுநர் வருடங்கள் போயின.

அப்படியென்றால் பரீட்சையில் எப்படித் தேறினோம்? மனப்பாடம்தான். மலாயில் தட்டச்சு செய்த கேள்வி பதில் தொகுப்பு ஒன்று ஆலைக்கு ஆலை கைமாறி வரும். எண்ணெய்க் கறை படிந்து, பாதி எழுத்து அழிந்திருக்கும். கேள்வி வந்தால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான். தேவாரம் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தோம். நானும் ஒப்பித்துத்தான் சிஜில் என்கிற சான்றிதழை வாங்கினேன். வாங்கிய மறுநாளே பாய்லரை என் கையில் விட்டுவிட்டார்கள். பழச்சக்கை நாரும் கொட்டை ஓடும் எரிந்து, ஆலை முழுவதற்கும் ஸ்டீம் கொடுக்கிற பாய்லர் அது. அன்றைக்குப் பயந்துபோனேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பயம் என்னைவிட்டு முழுதாகப் போகவில்லை.

வேலை என்றால் என்னவென்று எனக்குக் காட்டியவர் மிஸ்டர் லிம். ஆலைக்குப் புதிதாக வந்த பொறியாளர். சத்தம் போட மாட்டார், திட்ட மாட்டார். இரண்டு கையையும் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு வந்து நிற்பார். நாம் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்.

"மானா தாவு?"

உனக்கு எப்படித் தெரியும் என்று அர்த்தம். பம்பு ஓடுகிறது என்றால், மானா தாவு? தண்ணீர் சரியாக இருக்கிறது என்றால், மானா தாவு? "பார்த்தேன் துவான்" என்று ஐயா போட்டுச் சொன்னாலும் போதாது. எங்கே பார்த்தாய், எதைத் தொட்டுப் பார்த்தாய் என்று நோண்டுவார். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "எரிச்சல் படு. ஆனா பதில் சொல்லு" என்றார்.

இந்த இடத்தில் தண்ணீர்க் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாய்லருக்குள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழல்கள் நிற்கும். அவற்றைச் சுற்றித் தடித்த காப்புக் கண்ணாடி இருக்கும். உள்ளே தண்ணீர் பாதி அளவு நிற்க வேண்டும். தண்ணீர் குறைந்து இரும்புக் குழாய்கள் காய்ந்து சிவந்தால் பாய்லர் வெடிக்கும். வெடித்தால் ஆலையே இருக்காது. ஆனால் அந்தக் குழலில் ஒரு வஞ்சனை உண்டு. தண்ணீர் முழுக்க நிரம்பினாலும் கண்ணாடி தெளிவாகத்தான் தெரியும். ஒரு சொட்டு இல்லாவிட்டாலும் தெளிவாகத்தான் தெரியும். கண்ணை மட்டும் நம்பக்கூடாது. குழலுக்கு மேலே ஸ்டீம் வருகிற குழாய், கீழே தண்ணீர் வருகிற குழாய், அதற்கும் அடியில் வெளியேற்றும் குழாய் இருக்கும். ஒன்றை மூடி ஒன்றைத் திறந்து, எதிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் பழையபடி வைத்த பிறகு தண்ணீர் விறுவிறுவென்று ஏறித் தன் இடத்தில் நிற்க வேண்டும். நின்றாலும் அசையாமல் நிற்காது. கொதிக்கிற தண்ணீர், மெல்ல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வேலை மாறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்தே ஆக வேண்டும் என்று மிஸ்டர் லிம் கட்டளை போட்டார்.

சன்னாசி அண்ணன் அந்த பாய்லரில் நார் தள்ளுகிறவர். என்னைவிட மூத்தவர். தோட்டத்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர். நெருப்போடு அவருக்கு நல்ல பழக்கம். காய்ந்த நார், ஈர நார் என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவார், நெருப்பு ஒரே சீராக எரியும். ஆனால் தண்ணீர்ப் பக்கம் அவரை யாரும் விட்டதில்லை. அவருக்கும் பெரியசாமியின் முதுகுதான் வாய்த்தது. பழகுநராகப் பதிந்து இரண்டு தடவை பரீட்சைக்குப் போய் இரண்டு தடவையும் தோற்றிருந்தார்.

அந்தச் சமயத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஆலைக் குவார்ட்டர்ஸ் வீடுகள் இனிமேல் சிஜில் உள்ளவர்களுக்கு மட்டும்தான். நார் தள்ளும் வேலைக்கு ஒப்பந்த ஆட்களைக் கொண்டு வரப்போகிறார்கள். சன்னாசி அண்ணன் இந்தத் தடவை தேறவில்லை என்றால் வேலையும் போகும், வீடும் போகும். அவர் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு. வேறு போக்கிடம் கிடையாது. மிஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டு, "நீ அவரைத் தயார் பண்ணு" என்றார்.

"வயசுல சின்னவன்கிட்ட பாடம் கேக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றார் சன்னாசி அண்ணன். "சரி, ஆரம்பிங்க வாத்தியாரே."

அவரிடமும் அதே கேள்வி பதில் தொகுப்பு இருந்தது. அவர் மகள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வைத்திருந்தாள். எதைக் கேட்டாலும் தங்கு தடையில்லாமல் மலாயில் பதில் வந்தது. அர்த்தம் கேட்டால் பாதிக்குத் தெரியாது. நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தினார். தண்ணீர்க் கண்ணாடியைத் திறந்து மூட வைத்தேன். பயந்து பயந்துதான் தொட்டார், நான் பக்கத்தில் நிற்காவிட்டால் தொடவே மாட்டார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஆலையில் வருடா வருடம் பாய்லரை நிறுத்தி, துடைத்துக் கழுவி, பூசை போடுவோம். மலாய்க்கார நண்பர்களும் சீன நண்பர்களும் வந்து அவல் கடலை வாங்கிக்கொண்டு போவார்கள். இன்றைக்கும் நான் என் காருக்குப் பூசை போடுகிறவன்தான், சாமியைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பாய்லருக்கு இரண்டு கண்ணாடியும் இரண்டு கண் என்பது எங்கள் ஆட்களின் பேச்சு. கண்ணுக்குப் பொட்டு வைக்க வேண்டாமா? சன்னாசி அண்ணன் பக்திமான், கை சுத்தம். காப்புக் கண்ணாடியில் பட்டையாகச் சந்தனத்தைத் தீற்றினார், இரண்டிலும் நடுவில், அளந்து வைத்தது போல ஒரே உயரத்தில். பிறகு மேலே இருந்த, பாய்லருக்குத் தண்ணீர் கொடுக்கிற தொட்டியின் விளிம்பில் செவ்வந்தி மாலையைச் சாற்றினார்.

மறுநாள் காலை நெருப்பு மூட்டினோம். பாய்லர் சூடேறியதும் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அதன் மேல் விளிம்பு மட்டும் மெல்லிய கோடாகக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் மட்டம் எப்படித் தெரியுமோ அச்சு அசலாக அப்படியே. எனக்கு அது தெரியாது. அண்ணனைப் பாய்லர் பக்கத்தில் நிறுத்திவிட்டு டர்பைன் அறைக்குப் போனேன். சிஜில் உள்ளவன் கூப்பிடு தூரத்தில் இருந்தால் பழகுநர் கவனிக்கலாம் என்பது வழக்கம்.

கொஞ்ச நேரத்தில், தண்ணீர் குறைந்தால் எச்சரிக்கிற ஊதி அலறியது. எங்கள் பாய்லரில் அந்த ஊதி அடிக்கடி வீணாக அலறும், யாரும் மதிப்பதில்லை. இருந்தாலும் ஓடினேன்.

"எப்பவும் போல கத்துது தம்பி" என்றார் அண்ணன், நார் தள்ளுவதை நிறுத்தாமல். "தண்ணி பாதி கண்ணாடிக்கு இருக்கு. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன்."

பார்த்தேன். அவர் சொன்னது போலத்தான் தெரிந்தது. இரண்டு கண்ணாடியிலும் பாதி அளவு. ஒரு நிமிடம் நானும் நம்பினேன். பிறகுதான் என்னவோ உறுத்தியது. கோடு அசையவில்லை. எழுதி வைத்தது மாதிரி நின்றது.

வெளியேற்றும் குழாயைத் திறந்தேன். சீறிக்கொண்டு வந்தது. கண்ணாடி காலியாக வேண்டும். கோடு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. மேல் குழாயை மூடி, கீழ்க்குழாயில் மட்டும் என்ன வருகிறது என்று பார்த்தேன். தண்ணீர் வர வேண்டிய வழியில் வெறும் ஸ்டீம் வந்தது.

"அண்ணே, நெருப்ப நிறுத்துங்க! தண்ணி இல்ல!" என்று கத்தினேன்.

அவர் நெருப்பை நிறுத்தவில்லை. பம்பின் பக்கம் ஓடினார். தண்ணீர் குறைந்தால் தண்ணீரை ஏற்று என்று அந்தத் தொகுப்பில் ஒரு பதில் உண்டு. தண்ணீர் கண்ணுக்கே தெரியாவிட்டால் ஒரு சொட்டும் விடாதே, முதலில் நெருப்பை அணை என்று இன்னொரு பதில் உண்டு. காய்ந்து சிவந்த குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் அத்தோடு எல்லோர் கதையும் முடிந்தது. இரண்டு பதிலும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். பயத்தில் முதலில் வந்த பதிலைப் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

நார் வருவதை நிறுத்தி, நெருப்புக்குக் காற்று ஊதும் காற்றாடிகளை நிறுத்தி, காற்று வழியை மூடினோம். மிஸ்டர் லிம் வந்தார். கை அன்றைக்கும் காற்சட்டைப் பையில்தான்.

"தண்ணி இல்லை துவான்."

"மானா தாவு?"

மூச்சிரைத்துக்கொண்டே சொன்னேன். கோடு அசையாததை, கீழ்க்குழாயில் ஸ்டீம் வந்ததை. அவர் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். "எல்லாரையும் லாரி எடைமேடைக்கு அப்பால கூட்டிட்டுப் போ" என்றார். "நீங்க?" என்றேன். அவர் வாசல் பக்கம் நடந்தார்.

ஆலை முழுவதும் வெளியே வந்து லாரிகளுக்குப் பின்னால் நின்றது. பாய்லர் ஆறும்வரை காத்திருப்பது தவிர வேறு வழியில்லை. உள்ளே குழாய் ஏதாவது தாங்காமல் விட்டுவிட்டால் முதலில் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். தகரம் காற்றில் தட்டினால்கூட ஆட்கள் குனிந்தார்கள். மிஸ்டர் லிம் மட்டும் பாய்லர் கூடத்து வாசலில் தனியாக நின்று புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னாசி அண்ணன் கிழிந்த சட்டையோடு என் பக்கத்தில் நின்றார். உள்ளங்கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே இருந்தார். வாய் முருகா முருகா என்றது.

வெடிக்கவில்லை. நல்ல காலம். தண்ணீர் கண்ணாடிக்குக் கீழே போயிருந்தது, குழாய்கள் காய்கிற அளவுக்குப் போகவில்லை. ஆறிய பிறகு பார்த்தால், தொட்டியில் விழுந்த செவ்வந்தி இதழ்கள் பம்பின் சல்லடையை அடைத்திருந்தன. பம்பு ஓடியது, தண்ணீர் போகவில்லை. மிஸ்டர் லிம் எதையும் மறைக்கவில்லை. பாய்லர் இலாகாவுக்குத் தானே தெரிவித்தார். ஓர் அதிகாரி வந்து சோதித்து, மறுபடி ஓட்ட அனுமதி கொடுத்தார். பொறுப்பில் இருந்தவன் என்று என் பெயர்தான் போனது. பழகுநரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

பரீட்சை நாள் வந்தது. ஜோகூர் பாருவில் இலாகா அலுவலகம். மலாய் தடுமாறுகிறவர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் வரலாம் என்றார்கள், மிஸ்டர் லிம் என்னை அனுப்பினார். பரீட்சை நடத்தியவர் துவான் இட்ரிஸ். ஆலைக்குச் சோதனைக்கு வந்தவர் வேறு ஒருவர். இவர் மூக்குக்கண்ணாடியை நுனியில் போட்டுக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் கேள்வி கேட்பார். அண்ணன் கடகடவென்று ஒப்பித்தார். எனக்கே ஆச்சரியம். கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் என்ன செய்வாய் என்ற கேள்வியும் வந்தது. அதற்கும் ஓர் எழுத்து பிசகாமல் பதில் சொன்னார். நெருப்பை நிறுத்துவேன், தண்ணீர் விடமாட்டேன்.

துவான் இட்ரிஸ் பேனாவை மூடினார்.

"காலையிலிருந்து வந்த எல்லோரும் இதே பதிலை, இதே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார்கள்" என்றார் மலாயில். "அந்தத் தொகுப்பில் இல்லாத ஒன்றைச் சொல். உன் பாய்லரைப் பற்றி உனக்கே தெரிந்தது."

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தச் சந்தனத்தைச் சொல்லவா?"

"அண்ணே, யோசிச்சுக்குங்க. வீட்டு விசயம்."

"வேற ஒன்னும் எனக்குத் தெரியாதே லா. மத்ததெல்லாம் பொஸ்தகத்துல உள்ளதுதான."

"என்ன சொல்கிறார்?" என்றார் துவான் இட்ரிஸ்.

"நீங்க சொல்லுங்க" என்றார் அண்ணன். "ஒன்னையும் மாத்தாதீங்க. பம்புக்கு ஓடுனதையும் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். சந்தனம் வைத்தது அவர். கோட்டைப் பார்த்து ஏமாந்தது அவர். ஊதியை மதிக்காதது அவர். தண்ணீர் விட ஓடியது அவர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குவார்ட்டர்ஸ் வீட்டின் ஒரு சுவர் இடிவது போல எனக்கு இருந்தது. துவான் இட்ரிஸ் முடிந்ததும் முதல் தடவையாக அண்ணனின் முகத்தைப் பார்த்தார்.

"இன்றைக்கு உன்னைத் தேறவைக்க முடியாது" என்றார். "தோற்றுவிட்டாய் என்றும் எழுத மாட்டேன். ஆலைக்கு வருகிறேன். எப்போது என்று சொல்ல மாட்டேன்."

பஸ்ஸில் வரும்போது அண்ணன் சாதாரணமாக இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வீட்டு வாசலில் அவர் மனைவி அஞ்சலை அண்ணி நின்றார். விசயம் கேட்டதும் அவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள நம்பித்தானே அனுப்புனேன்? இந்த மனுசன் வாயத் தொறந்தா நீங்க மூட வேணாமா? ஆபிசருக்குத் தமிழ் தெரியாது. நீங்க மாரியம்மன் கதையச் சொல்லியிருந்தாலும் அவன் தலைய ஆட்டியிருப்பான்!"

"ஆமா, இவரு மாரியம்மன் கதை சொல்வாரு, ஆபிசரு தீமிதிப்பாரு" என்றார் அண்ணன்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. தெருவுல நின்னு சிரிங்க."

மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். துவான் இட்ரிஸ் வரவில்லை. ஒவ்வொரு காலையும் வாசலில் வெள்ளைக் கார் ஏதாவது நின்றால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். உர வியாபாரியின் காராக இருக்கும். அண்ணனை நான் சும்மா விடவில்லை. போகும்போதும் வரும்போதும் கண்ணாடிக் குழாய்களைத் திறந்து மூட வைத்தேன். வெறும் ஸ்டீம் வந்தால் எப்படிச் சத்தம், தண்ணீர் வந்தால் எப்படிச் சத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்க வைத்தேன். "என்னைக் குருடனாக்கிட்டு சிஜில் வாங்கித் தரப்போறீங்களா?" என்று முனகினார், ஆனால் செய்தார். இரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டார்.

வீட்டைக் காலி செய்ய வேண்டிய வாரத்தில் ஒரு காலை துவான் இட்ரிஸ் வந்துவிட்டார். டர்பைன் ஓடத் தொடங்கவில்லை, பாய்லரில் ஸ்டீம் ஏறியிருந்தது. அண்ணனை முற்றத்துக்கு அனுப்பச் சொன்னார். பிறகு மிஸ்டர் லிம்மிடம் ஏதோ பேசினார். மிஸ்டர் லிம் என்னிடம் வந்து, தண்ணீரைக் கண்ணாடிக்கும் மேலே ஏற்றச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. அளவு மீறித் தண்ணீர் ஏறினால் ஸ்டீமோடு போய் டர்பைனை உடைக்கும். "டர்பைன் மூடித்தான் இருக்கு. ஏத்து" என்றார். ஏற்றினேன். கண்ணாடி முழுவதும் நிரம்பிக் கோடு மறைந்தது. துவான் இட்ரிஸ் தன் கைக்குட்டையால் இரண்டு கண்ணாடியையும் துடைத்தார். வெறும் குழல் போலப் பளிச்சென்று நின்றது. என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

அண்ணனைக் கூப்பிட்டார்கள்.

"தண்ணீர் எவ்வளவு இருக்கிறது?" என்று மலாயில் கேட்டார் துவான் இட்ரிஸ்.

அண்ணன் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். இந்தக் கேள்விக்குத் தொகுப்பில் இரண்டு பதில்தான் உண்டு. பாதி அளவு இருக்கிறது துவான், ஒன்று. தண்ணீர் தெரியவில்லை, நெருப்பை நிறுத்துகிறேன் துவான், இரண்டு. இரண்டாவதைச் சொல்லிவிடுவாரோ என்று நான் செத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி தெளிவாக இருக்கிறது, முன்பு பட்ட சூடு வேறு மனதில் இருக்கும். சொல்லிவிட்டு ஓடினால் அதுவும் மனப்பாடம்தான், அதோடு முடிந்தது. என் வாய்க்குள் 'தொடுங்கண்ணே, குழாயைத் தொடுங்க' என்ற வார்த்தை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சாயா தா தாவு, துவான்" என்றார் அண்ணன்.

எனக்குத் தெரியாது, ஐயா. பரீட்சையில் அந்த வார்த்தையை ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அண்ணன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இடுப்பிலிருந்த துணியை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். கீழ்க்குழாயை மூடினார். வெளியேற்றும் குழாயைத் திறந்தார். இப்போது மேல் குழாயிலிருந்து ஸ்டீம் மட்டும்தான் வர வேண்டும். சீறலில் ஈரம் கலந்து, வெள்ளை வெள்ளையாகத் தெறித்தது. தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். வெளியேற்றும் குழாயை மூடினார். மேலிருந்து தண்ணீர் இறங்கிக் கண்ணாடியை நிரப்பியது. அடுத்த கண்ணாடிக்குப் போய் அதே வேலையை முதலிலிருந்து செய்தார். அவசரப்படவே இல்லை. எனக்குத்தான் முதுகில் வேர்வை ஓடியது.

"நிறைஞ்சு போச்சு துவான். கண்ணாடிக்கு மேல நிக்குது" என்று உடைந்த மலாயில் சொன்னார். "டர்பைன்காரன் இப்ப ஸ்டீம் எடுக்கக்கூடாது." சொல்லிக்கொண்டே பம்பை நிறுத்தினார்.

"லூலுஸ்" என்றார் துவான் இட்ரிஸ். தேறிவிட்டாய் என்று அர்த்தம். மிஸ்டர் லிம் பக்கம் திரும்பி, நீங்கள் சொன்ன வீட்டு விசயத்தை அலுவலகத்துக்கு இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார். காரில் ஏறிப் போய்விட்டார்.

குளுவாங் பையனே, வாயால் சொன்ன பரீட்சை ஈசிதான். ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு ரொம்ப ஈசி. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது, உன் கணினியைப் பார்க்கும்போதும் அதே பயம்தான் வருகிறது. துவான் இட்ரிஸ் அன்றைக்குச் செய்த சோதனை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. அவர் சொந்தப் பொறுப்பில் செய்தார், அவருக்குப் பிறகு யாரும் செய்யவில்லை. பின்னால் பாடத்திட்டம் எழுதுகிற கூட்டத்துக்கு என்னையும் அழைத்தார்கள். உண்மையான பாய்லரில், உண்மையான கண்ணாடியில் இப்படி ஒரு சோதனை வையுங்கள் என்று கேட்டேன். 'தெரியாது என்று சொல்கிறவனுக்கு எப்படி மார்க் போடுவது?' என்று ஒருவர் கேட்டார். நான் மேசையைத் தட்டிக் கத்தினேன். அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

அண்ணன் தேறிய அன்றைக்கு வேலை முடிந்ததும் அண்ணனோடு நானும் அவர் வீட்டுக்குப் போனேன். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. பாத்திரங்கள் சாக்கில், துணிகள் மூட்டையில். கட்டிலைக்கூடக் கழற்றிச் சட்டங்களைக் கயிற்றால் கட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார் அஞ்சலை அண்ணி. அண்ணன் விசயத்தைச் சொன்னார். அண்ணி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இத காலையிலேயே வந்து சொல்லித் தொலைச்சிருந்தா கட்டில கழட்டியிருக்க மாட்டேன்ல?" என்றார். "ரெண்டு பேரும் நின்னு மாட்டிக் குடுத்துட்டுத்தான் சாப்புடணும்."

கயிற்றை அவிழ்த்தோம். எந்தச் சட்டம் தலைமாடு, எது கால்மாடு என்று புரியவில்லை. நான் ஒன்று சொன்னேன், அண்ணன் ஒன்று சொன்னார். முடுக்கி முடித்து அவர் உட்கார்ந்து பார்த்ததும் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணி.

"ஸ்டீம் சிஜில் வாங்குன ஆம்பளைங்க ரெண்டு பேரு" என்றார். "தள்ளுங்க. நானே மாட்டுறேன்."